பன்னிரண்டாவது மாடி ராணி

எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். பார்சல் கிடங்கில் லாரிக்கு லோடு ஏற்றும் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். பதினான்கு ஆட்கள், ஆறு லாரிகள், ஒரு கன்வேயர் பெல்ட். அங்கே மெல்லப் பேசினால் ஒரு பெட்டி நகராது. அந்தத் தொண்டையோடு வீட்டுக்கு வந்தால், எனக்கு முன்னாலேயே ஒரு சத்தம் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். என் மாமனாரின் டேப்லெட்.

மனிதர் அதிலே சீட்டு விளையாடுவார். எதிரே ஆள் கிடையாது, கம்ப்யூட்டர்தான். காலை டீயோடு ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் போக சாயங்காலம் வரைக்கும் இடி இடிக்கும், வெள்ளம் பாயும், குதிரை கனைக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து, "மழையா பெய்யுது?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"மாமா, சத்தத்தைக் குறைங்க."

"குறைச்சாச்சு."

குறைத்திருக்க மாட்டார். நான் போய்க் குறைப்பேன். நான் சமையலறைக்குள் திரும்புவதற்குள் குதிரை மறுபடி கனைக்கும். வருஷக் கணக்காக இதுதான் எங்கள் உறவு.

அவர் கண்ணில் புரை விழுந்திருப்பது எனக்கு எப்போதோ தெரியும். செருப்பை மாற்றிப் போட்டார். சர்க்கரை என்று டீயில் உப்பைப் போட்டுவிட்டு, கௌரவத்துக்காக முழுசாகக் குடித்தார். ஒரு திங்கட்கிழமை சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இடது கண் முத்திவிட்டது, வலது கண்ணும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது, தள்ளிப் போடப் போட ஆபரேஷன் கஷ்டமாகும் என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் இடம் இருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகிறோம் என்று போனில் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் நாலு மாசம் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் ஒரே போடாகப் போட்டார். "நான் வரல."

என் வீட்டுக்காரர் செல்போன் கோபுரம் ஏறுகிற வேலையில் இருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வீடு. போன் போட்டுச் சொன்னேன். "அப்பா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். விடு" என்றார். இருநூறு அடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிற மனிதர், அப்பா முன்னால் நிற்கச் சொன்னால் மட்டும் இறங்கி ஓடிவிடுவார்.

மாமனாருக்கு ஏன் பயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் அத்தை, அவர் மனைவி, ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் போனார். அரை மணி நேர வேலை என்றார்கள். கதவு திறந்தபோது டாக்டர் மட்டும்தான் வெளியே வந்தார். அன்றைக்கு அந்த வராந்தாவில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதற்கப்புறம் அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவ்வளவும் தெரிந்தும் அன்று நான் கத்தினேன். இவர் கண் போய்விடுமோ என்று எனக்குப் பயம், என் பயம் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"கண்ணு தெரியாம எப்படி மாமா இருப்பீங்க?"

"யாருக்குத் தெரியல? தெரியாமத்தான் பதினோரு மாடி ஏறினேனா?"

அந்த விளையாட்டில் ஒரு கோபுரம் உண்டு. மாடிக்கு ஒரு எதிராளி. மேலே போகப் போகக் கடினம்.

"ஒரு மெஷினைத்தானே ஜெயிச்சீங்க. என்னமோ போருக்குப் போன மாதிரி."

அதுதான் நான் செய்த தப்பு. அல்லது நல்ல காரியம். மனிதர் டேப்லெட்டை மடியிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மெஷினா? அப்ப நீ ஜெயிச்சுக் காட்டு. பன்னெண்டாவது மாடியில ராணி இருக்கா. அவளை நீ ஜெயிச்சுட்டா நான் வாயைத் திறக்காம வந்து படுக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். சத்தத்தைக் குறைக்கக் கூடாது. குறைச்சா ஆட்டம் செல்லாது."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வருஷமாக முட்டி மோதியும் அவரே அந்த ராணியை ஜெயித்ததில்லை. நானோ வாழ்க்கையில் சீட்டைக் கையால் தொட்டதில்லை. எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆட்டம் புரிவதற்கு ஒரு சாயங்காலம் போதும். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோட்டை, முப்பது உயிர். யார் கோட்டை முதலில் பூஜ்யமாகிறதோ அவர் அவுட். முப்பது சீட்டு கொண்ட ஒரு கட்டை நாமே சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் விலை உண்டு, கற்களில். முதல் சுற்றில் ஒரு கல், இரண்டாவதில் இரண்டு, இப்படிச் சுற்றுக்கு ஒன்று கூடும். இறக்குகிற வீரன் அந்தச் சுற்றில் சும்மா நிற்பான், அடுத்த சுற்றில்தான் அடிப்பான். ஒரே சீட்டை மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. அந்தச் சட்டம் ராணிக்கும் உண்டு.

மாமனார் சேர்த்து வைத்திருந்த சீட்டுகள் இருநூற்றுச் சொச்சம். அதிலிருந்து முப்பதை எடுக்க வேண்டும். இது என் வேலைதானே என்று எனக்கு ஒரே உற்சாகம். லாரியில் லோடு ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டியது கதவோரம் நிற்க வேண்டும். அந்த வரிசை பிசகினால் டிரைவர் தெருவில் நின்று சரக்கையெல்லாம் இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பான். நான் இரண்டு நாள் உட்கார்ந்து முப்பது சீட்டையும் அப்படியே அடுக்கினேன். முதல் சுற்றுக்கு ஒரு கல் வீரன், இரண்டாம் சுற்றுக்கு இரண்டு கல் வீரன், நாலாவதில் ஒரு வில்லாளி, பத்தாவதில் ஒரு பூதம். எங்கேயும் ஓட்டை இல்லை. அடுக்கிவிட்டு அதை இரண்டு நிமிஷம் ரசித்துப் பார்த்தேன்.

மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ராணி வந்தாள். வெள்ளிக் கவசம், தூக்கிய மூக்கு. ஆட்டம் ஆரம்பித்தது. என் கையில் முதலில் வந்து விழுந்தது பத்துக் கல் பூதம்.

"இது திருட்டு ஆட்டம். நான் இருபத்தெட்டாவதா வெச்ச சீட்டு முதல்ல வருது. இந்த மெஷின் வரிசையை மாத்திடுச்சு."

"என்ன வரிசை?"

"நான் அடுக்கின வரிசை."

மாமனாரின் தோள் குலுங்கியது. அப்புறம் இருமல் வந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அதையும் சிரித்துச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"கலைச்சுதானேம்மா போடும். சீட்டாட்டம்னா கலைக்க மாட்டாங்களா?"

எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை. இரண்டு நாள் வேலை. பதினான்கு ஆட்களை ஆட்டிவைக்கிறவள் சீட்டைக் கலைப்பார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று ராத்திரி அவர் தன் மகனுக்குப் போன் போட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அடுத்த அறைக்குக் கேட்டது.

சரி, வரிசை நம் கையில் இல்லை. அப்படியானால் எல்லாமே பலசாலியாக வைப்போம் என்று, மறுநாள் இருக்கிறதிலேயே தடியர்களாகப் பொறுக்கினேன். அவர்களை இறக்கக் கல் சேர்வதற்குள் ராணி என் கோட்டையைப் பொடிப்பொடியாக்கிவிட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பதினோரு தடவை. கிடங்கில் லாரிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் குறிக்க ஆரம்பித்தேன். எந்தச் சுற்றில் ராணி எதைப் போட்டாள், எதை அடித்தாள், நான் எப்படிச் செத்தேன். மாமனார் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் தோற்றதும் கால் மட்டும் சந்தோஷமாக ஆடும். அந்தக் காலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் பார்சல் பிரிக்கிற மெஷின் படுத்துவிட்டது. எந்தப் பார்சல் எப்போது வரும் என்று தெரியாமல் பெல்ட்டில் கண்டபடி வந்து குவிந்தது. நான் வரிசையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாக வந்தார்.

"வரிசையா வரும்னு காத்திருந்தா சாயந்தரம் ஆயிடும்மா. சின்னப் பெட்டி போற வண்டியை முன்னாடி விடு. எல்லாம் ஒரே அளவு. எது முதல்ல வந்தாலும் ஒண்ணுதானே."

நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

"என்னம்மா, தப்பா சொல்லிட்டேனா?"

"அண்ணே, நீங்க தெய்வம்" என்றேன். அவர் பயந்துபோய் ஃபோர்க்லிஃப்டில் ஏறிக்கொண்டார்.

வேலை முடியும் வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எது முதலில் வந்தாலும் ஒன்றுதான். வரிசை நம் கையில் இல்லையென்றால், எந்த வரிசையில் வந்தாலும் கெட்டுப்போகாத கட்டு வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டேப்லெட்டைப் பிடுங்கினேன். தடியர்களையெல்லாம் வெளியே தள்ளினேன். ஒரு கல் காலாள், இரண்டு கல் குதிரைக்காரன், இரண்டு கல் வேல்காரி என்று பொடிசுகள் மட்டும், ஒவ்வொன்றும் மூன்று மூன்றாக, பத்து வகை. கட்டின் மொத்த விலையைப் பார்த்தாலே பரிதாபமாக இருக்கும்.

"அங்கன்வாடி நடத்தப் போறியா?" என்றார் மாமனார்.

முதல் ஆட்டத்திலேயே ராணியின் கோட்டை முப்பதிலிருந்து எட்டுக்கு வந்தது. அவள் ஒரு ஆளை அடிப்பதற்குள் நான் இரண்டு ஆளை இறக்கினேன். அவளால் சமாளிக்க முடியவில்லை. அப்போதுதான் வெள்ளம் என்ற சீட்டைப் போட்டாள். கரகரவென்று ஒரு சத்தம், தண்ணீர் பாய்ந்தது, மேசையிலிருந்த என் பொடிசுகள் அத்தனையும் காலி. பலம் மூன்றோ அதற்குக் கீழோ உள்ளவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். என் ஆட்களில் மூன்றுக்கு மேல் யாரும் கிடையாது. தோற்றேன். ஆனால் தோற்றுவிட்டு எழுந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மாமனாரின் கால் அன்று கொஞ்சம் மெதுவாகத்தான் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை முதலிலிருந்து படித்தேன். இருபத்தாறு தோல்வி. ஒரு பத்தியில் ராணி எதை அடித்தாள் என்று எழுதியிருந்தேன். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டு வந்தபோது விஷயம் பிடிபட்டது. அந்தம்மா இருபத்தாறு ஆட்டத்திலும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறாள். மேசையில் எது பெரிசோ அதை அடிப்பாள், பெரிசு எதுவும் இல்லாதபோதுதான் கோட்டைக்கு வருவாள். பக்கத்தில் நாலு பொடிசுகள் அவள் கோட்டையைக் கொத்திக்கொண்டிருந்தாலும் அவள் கண் பெரிசின் மேல்தான். இடியும் அதன் மேல், அவளுடைய வீரர்களும் அதன் மேல். மெஷினுக்குக் கௌரவப் பிரச்சினை போலிருக்கிறது.

அப்படியானால் அவளுக்கு ஒரு பெரிசைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சீட்டுக் குவியலின் அடியில் கல் யானை என்று ஒன்று கிடந்தது. விலை மூன்றே கல், பலம் பன்னிரண்டு. ஆனால் அது யாரையும் அடிக்காது. ஆடாமல் அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். மாமனாரிடம் அது மூன்று இருந்தது.

"அதை எவன் வைப்பான்? குப்பை" என்றார்.

"குப்பைதான் எனக்கு வேணும்."

ஒரு வகைப் பொடிசு மூன்றை எடுத்துவிட்டு மூன்று யானைகளை வைத்தேன். அடுத்த ஆட்டத்தில் யானையை இறக்கியதும் ராணி அதை அடித்தாள் பாருங்கள், இடி மேல் இடி. அவளுடைய ஆட்கள் வரிசையாக வந்து யானையை முட்டினார்கள். என் காலாட்கள் இருவர் அந்தப் பக்கமாக நைசாகப் போய்க் கோட்டையைக் கொத்திவிட்டு வந்தார்கள். நான் கைகொட்டிச் சிரித்தேன். அப்புறமும் தோற்றேன், அது வேறு விஷயம். வெள்ளத்துக்கு மட்டும் எனக்கு மருந்து கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு ஆட்டத்தில் ராணி ஐந்துக்கும் நாலுக்கும் இறங்கினாள். திங்கட்கிழமை மூன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று. ஒரே ஒரு உயிர்.

செவ்வாய்க்கிழமை மாமனாரின் கால் ஆடவில்லை. சாப்பிடும்போது, "வியாழக்கிழமை மழை வரும் போலிருக்கு" என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மனிதருக்கு உதறல் எடுத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, விடவும் மனசில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்தேன். மாமனார் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டேப்லெட் முழு சார்ஜில் இருந்தது. அவரே போட்டு வைத்திருந்தார். பந்தயம் என்றால் பந்தயம், அந்த நேர்மையை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதில் ராணி இரண்டு உயிரோடு தப்பித்தாள். நாலாவதில் எனக்கு ஒரு யானைகூட வரவில்லை. மணி நாலு இருபது. இன்னும் ஓர் ஆட்டத்துக்குத்தான் நேரம் இருந்தது. கை வியர்த்து விரல் திரையில் வழுக்கியது. துடைத்துக்கொண்டு ஐந்தாவதை ஆரம்பித்தேன்.

முதல் சுற்றில் ஒரு காலாள். இரண்டாவது சுற்றில் நான் ஒரு குதிரைக்காரனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கண் ஆஸ்பத்திரி. நான் அவசரத்தில் சுற்றை அப்படியே முடித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"நாளைக்குக் காலையில ஐயா வர்றாரா? வரலேன்னா இன்னொருத்தர் காத்திருக்காங்க."

"அஞ்சு மணி ஆகலையே. அஞ்சு வரைக்கும்னுதானே சொன்னீங்க?"

"அஞ்சுதான். சும்மா ஞாபகப்படுத்தலாம்னு."

"அஞ்சுக்குள்ள நானே கூப்பிடறேன். அதுக்கு முன்னாடி யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க, சொல்லிட்டேன்."

திரும்பி வந்தபோது என் ஒற்றைக் காலாளைக் காணோம். இடி விழுந்திருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேலே ஆடினேன். மாமனார் கண்ணை மூடியபடி இருந்தார்.

மூன்றாவது சுற்றில் யானை வந்தது. வந்தாயா ராஜா என்று அதை இறக்கினேன். ராணி அதைக் கண்டதும் பாய்ந்தாள். நான் பொடிசுகளை விட்டேன். முப்பது, இருபத்தாறு, இருபத்து மூன்று. ஐந்தாவது சுற்றில் வெள்ளம். மூன்று பேர் போனார்கள். நோட்டில், வெள்ளம் ஒன்று. மறுபடி சேர்த்தேன். இரண்டாவது யானை. இருபது, பதினாலு. எட்டாவது சுற்றில் மறுபடி வெள்ளம். நாலு பேர் போனார்கள். நோட்டில், வெள்ளம் இரண்டு. இடையில் அவளுடைய ஆட்கள் என் கோட்டையையும் ஒரு கை பார்த்திருந்தார்கள். எனக்கு ஐந்து உயிர் மிச்சம்.

ஒன்பதாவது சுற்று. மணி நாலு நாற்பது. மேசையில் என் பக்கம் அந்த இரண்டாவது யானை மட்டும், பாதி உடைந்து நின்றது. கையில் மூன்று குதிரைக்காரர், ஒரு வேல்காரி, ஒரு காலாள். ஒன்பது கல்லுக்கு ஐந்து பேரையும் இறக்கிவிடலாம். அடுத்த சுற்றில் அவர்கள் அடித்தால், குதிரைக்காரரும் வேல்காரியும் ஆளுக்கு மூன்று, நாலு மூன்று பன்னிரண்டு, அதோடு காலாளின் இரண்டு, பதினாலு. ராணியின் கோட்டை சரியாகப் பதினாலு.

ஆனால் அவளிடம் இன்னொரு வெள்ளம் இருக்கிறது. மூன்று வைத்திருப்பாள், இரண்டுதான் போட்டிருக்கிறாள். ஐந்து பேரையும் இறக்கி, அவள் வெள்ளத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பாதியை இறக்கிப் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கிடங்கிலும் அதுதான் என் பழக்கம். கொஞ்சம் சரக்கை எப்போதும் கையிருப்பாக வைப்பேன். பத்தாவது சுற்றில் அவளுடைய பூதம் இறங்கும் என்பதும் தெரியும். இருந்தாலும் கைக்குப் பயம். இரண்டு குதிரைக்காரரை மட்டும் இழுத்து இறக்கினேன். சுற்றை முடிக்கிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"எல்லாத்தையும் இறக்கு."

மாமனார்தான். கண் மூடியேதான் இருந்தது.

"என்னது?"

"கையில இருக்கறது எல்லாத்தையும் இறக்கும்மா. பாதியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற, பொரியலா? அடுத்த சுத்துல பூதம் வந்துடும்."

"வெள்ளம் இன்னும் ஒண்ணு இருக்கே."

"இல்ல. தீர்ந்துபோச்சு. மூணும் போட்டுட்டா."

நான் நோட்டை அவர் முன்னால் நீட்டினேன். "ரெண்டுதான் மாமா. எழுதி வெச்சிருக்கேன்."

"நீ போன்ல கத்திக்கிட்டிருந்தப்ப ஒண்ணு போட்டா. உன் காலாளு அதுலதான் போனான். இடி வேற மாதிரி கேட்கும். டொம்முனு முடிஞ்சுடும். வெள்ளம் கரகரன்னு இழுத்துக்கிட்டே போகும். மூணு தடவை கேட்டேன்."

"நீங்க தூங்கிட்டுல்ல இருந்தீங்க?"

"தூங்கல. கேட்டுக்கிட்டிருந்தேன்." காதைத் தொட்டுக் காட்டினார். "ஆறு மாசமா அப்படித்தான் ஆடறேன். நம்பர் தெரியல. நிறம் கொஞ்சம் தெரியும். மிச்சமெல்லாம் காதுலதான்."

நான் குறை குறை என்று தினமும் கத்தினேனே, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் போய் அவர் கண்ணை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கூட்டிக்கொண்டிருக்கிறார். அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் மணி நாலு நாற்பத்து மூன்று.

மிச்ச மூன்று பேரையும் இறக்கினேன். பொத்தானை அழுத்தினேன்.

ராணியின் முறை. அவள் யோசிக்கிற மாதிரி அந்தத் திரையில் மூன்று புள்ளி ஓடும். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வராந்தாவில் பிடித்த அதே பிடி.

டொம்.

"இடி" என்றார் மாமனார். "யானைதானே?"

"யானைதான்."

யானை சாய்ந்ததும் அவளுடைய காவலாளி ஒருத்தன் என் கோட்டையை ஒரு தட்டுத் தட்டினான். ஐந்து இரண்டானது. அவ்வளவுதான். கரகர சத்தம் வரவில்லை. என் பொடிசுகள் ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள். என் முறை என்று மணி அடித்தது.

முதல் குதிரைக்காரனைத் தொட்டுக் கோட்டை மேல் விட்டேன். கனைப்பு. பதினொன்று. இரண்டாவது. எட்டு. மூன்றாவது. ஐந்து. மாமனார் ஒவ்வொரு கனைப்புக்கும் தலையை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார். வேல்காரி. இரண்டு.

"காலாளு இருக்கான்ல?"

"இருக்கான் மாமா."

"விடு அவனை."

விட்டேன்.

ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் எக்காளம் மாதிரி ஒரு முழக்கம் கிளம்பியது, பின்னாலேயே மேளம், பின்னாலேயே நூறு பேர் சேர்ந்து ஆர்ப்பரிக்கிற கூச்சல். நான் சோபா மேல் ஏறி நின்று குதித்தேன். நாற்பத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை, செருப்போடு. கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ. மாமனார் மட்டும் அசையாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லம்மா" என்றார்.

நான் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமா, நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"ஒரு வருஷமா அவகிட்ட மிதிபட்டிருக்கேன். கைக்கு வந்த ஆட்டத்தை நீ தூக்கிக் குப்பையில போடப் பார்த்தே. அதை எப்படிம்மா பொறுத்துக்கறது?" டேப்லெட்டைத் தடவினார். "திரையில என்ன வருது? ராணி என்ன பண்றா?"

"கிரீடம் கழண்டு படிக்கட்டுல உருண்டு..."

"வேணாம், சொல்லாத." கையை நீட்டித் தடுத்தார். "நீ சொல்லிக் கேட்டா நல்லாயிருக்காது. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் இன்னொரு தடவை ஜெயிப்போம். அப்ப நானே பார்த்துக்கறேன்."

நான் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"பயமா இருக்கும்மா" என்றார், மெதுவாக.

"எனக்கும்தான். நான் கதவுகிட்டயே நிக்கறேன் மாமா. நகர மாட்டேன்."

"நில்லு. ஆனா நர்சுகிட்ட கத்தாத. மணி என்ன?"

"நாலு ஐம்பத்தொண்ணு."

"போனைப் போட்டுக் குடு. நானே பேசறேன்."

எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது, நாளைக்கு வருகிறீர்களா, கூட யார் வருவார்கள் என்று.

"வர்றேன். எட்டு மணிக்கு. கூட என் மருமக வரும்" என்றார். அது என்ன சத்தம் என்று அந்தப் பெண் கேட்டாள், மாமனார் டேப்லெட் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அதுவா? அது ஒண்ணுமில்லம்மா. வீட்டுல ஜெயிச்சிருக்கோம்."

முழக்கம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.